யாழ்ப்பாணத்தில் நிதித் திட்டமிடலைத் தொழிலாகச் செய்யலாமா? படிப்பிப்பதையும் எழுதுவதையும் விடாமல்?

கேள்வி இதுதான்: "எனக்கு 29 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். இடைக்கிடை எழுதுவதும் உண்டு. குடும்பங்களுக்கு நிதித் திட்டம் போட்டுக் கொடுப்பதை முழுநேரத் தொழிலாகச் செய்ய ஆசை. மற்ற இரண்டையும் விட மனமில்லை. மூன்றும் சேர்ந்து ஓடுமா, சாப்பாட்டுக்குக் காணுமா?"

ஓடும், தங்கச்சி. சாப்பாட்டுக்கும் காணும். முதல் இரண்டு மூன்று வருடம் காணாது, அதற்கு ஆயத்தமாக இருங்கள். நான் பதினேழு வருடமாக இந்த மூன்றையும் சேர்த்துத்தான் செய்கிறேன். படிப்பிப்பதையும் எழுதுவதையும் விடாமல் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றை விட்டால் இந்த ஊரில் திட்டமிடல் தொழிலே நடக்காது என்பது என் அனுபவம்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் சனம் ரியூசனுக்குக் காசு கொடுக்கத் தயங்காது. டொக்டருக்கும் அப்புக்காத்துக்கும் கொடுக்கும். காசைப் பற்றி ஆலோசனை சொல்வதற்கு மட்டும் கொடுக்காது. அது மாமாவோ, வங்கியில் வேலை செய்கிற ஒன்றுவிட்ட அண்ணாவோ கோயில் வீதியில் நின்று சும்மா சொல்வது. சும்மா சொல்கிறவரின் கோவைக்குள் ஒரு காப்புறுதிப் படிவமோ லீசிங் விண்ணப்பமோ இருக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும், நானும் அப்படித் திரிந்தவன். ஒரு நிதி நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை செய்தேன். மாத இலக்கு 20 ஆம் திகதி வரைக்கும் நிறையாவிட்டால் 21 ஆம் திகதி யாருக்கு எது நல்லது என்று யோசிக்க மனம் விடாது. முச்சக்கரவண்டிக்கு லீசிங் எடுக்கக் கூடாத ஒரு குடும்பத்துக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். ஏழாவது மாதம் வண்டியை நிறுவனம் தூக்கியது. அந்த வீட்டு முற்றத்தில் நின்ற அன்றுதான் கொமிசனில் சீவிக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

கொமிசன் இல்லையென்றால் வருமானம் எங்கிருந்து வரும்? வகுப்பில் இருந்து வரும். இது நான் கண்டுபிடித்த வழி கிடையாது, தொழிலின் பிறப்பே அப்படித்தான். அமெரிக்காவில் 1969 டிசம்பரில் சிக்காகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் 13 பேர் கூடினார்கள். அநேகர் காப்புறுதியும் முதலீடும் விற்றுக்கொண்டிருந்தவர்கள். விற்பதற்கு முன் குடும்பத்தின் முழு நிலைமையையும் பார்க்கிற ஒரு தொழில் வேண்டும் என்று கதைத்து, கடைசியில் தொடங்கியது ஒரு கல்லூரி. 1973 இல் அதன் முதல் தொகுதியில் 42 பேர் தேறினார்கள். இன்று உலகம் முழுக்க நிதித் திட்டமிடுபவர்கள் எடுக்கிற சீ.எஃப்.பி. சான்றிதழ் அந்த வகுப்பறையில் இருந்து வந்ததுதான்.

எங்கள் பக்கத்திலும் இதற்கு ஒரு வேர் உண்டு. வீரசிங்கம் மண்டபத்தில் எத்தனை கூட்டம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய வீ. வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர், வட பகுதிக் கூட்டுறவு இயக்கத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். அங்கத்தவர்கள் சேமித்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுக்கிற சிக்கனக் கடனுதவிச் சங்கம் என்பதை ஊர் ஊராக விளங்கப்படுத்தியவர்களில் வாத்திமார் நிறையப் பேர். காசைப் பற்றிப் படிப்பிக்கிற ஆளை யாழ்ப்பாணம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

சரி, வகுப்பு எப்படி நடக்கும் என்று பார்ப்போம். நான் தொடங்கியது ஒரு சனசமூக நிலையத்தில், பின்னேரம் நான்கு மணிக்கு. மாதர் சங்கத்தில் இருந்து பதினாலு பேர். முதல் நாள் பலகையில் எழுதியது ஒரே ஒரு கணக்கு. ஒரு இலட்சம் ரூபா கடன், ஒரு வருடம், வட்டி நூற்றுக்கு 12. கட்ட வேண்டியது மொத்தம் 1,12,000, மாதம் 9,333. "வட்டி எவ்வளவு?" என்று கேட்டேன். எல்லாரும் பன்னிரண்டு என்றார்கள். முதல் மாதமே கடன் தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறோம், ஆறாவது மாதம் கையில் இருப்பது ஏறக்குறைய பாதிக் கடன்தான், ஆனால் வட்டி முழு இலட்சத்துக்கும் போகிறது என்று மாதம் மாதமாகக் கோடு போட்டுக் காட்டினேன். குறைந்து செல்லும் மீதியில் பார்த்தால் அது வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். முன் வாங்கில் இருந்த ஒரு அம்மா கொப்பியை மூடிவிட்டு அழுதார். அவரிடம் அப்போது மூன்று நிறுவனத்தின் கிழமைக் கடன் இருந்தது. ஒன்றைக் கட்ட மற்றதை எடுத்துக்கொண்டிருந்தார். போருக்குப் பிறகு நுண்கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசாங்கமே வர வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் மூன்று கடனையும் ஒரு தாளில் எழுதி, எதை முதலில் முடிப்பது என்று ஒழுங்கு போட்டுக் கொடுத்ததுதான் நான் செய்த முதல் நிதித் திட்டம். காசு வாங்கவில்லை. அவர் அனுப்பிய ஆட்கள் அடுத்த வருடம் காசு கொடுத்தார்கள்.

வகுப்பில் படிப்பவர் அவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் திறைசேரி உண்டியலைப் பற்றிச் சொன்னேன். 91, 182, 364 நாட்களுக்கு அரசாங்கம் வாங்குகிற கடன், 100 ரூபாப் பத்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கினால் முதிர்வில் 100 ரூபா கிடைக்கும் என்று. எனக்கு நன்றாகச் சொன்னதாகத் திருப்தி. கடைசியில் ஒருவர் எழும்பி, "சேர், உண்டியலில் காசு போட்டால் பொலிஸ் பிடிக்காதோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் உண்டியல் என்றால் லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வங்கிக்கு வெளியால் வருகிற காசு. இல்லாவிட்டால் கோயில் உண்டியல். அரை மணித்தியாலம் நான் சொன்ன முழுவதும் அவருக்கு வேறு எதையோ பற்றிய கதையாகப் போயிருக்கிறது. உயர்தர வகுப்பில் இது நடக்காது, பிள்ளைகள் சொல்லைப் பாடமாக்கி விடுவார்கள். பெரியவர்கள் சொல்லைத் தங்கள் சீவியத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும், அது இந்த ஊரில் வேறு என்னத்தைக் குறிக்கும் என்று யோசித்த பிறகுதான் சொல்கிறேன்.

எழுத்தும் அப்படியே வேலை வாங்கும். ஒரு விஷயம் எனக்கு விளங்கியிருக்கிறதா என்பது அதைத் தமிழில் 600 சொல்லில் எழுதப் போகும்போதுதான் தெரியும். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து வாயால் சொல்லிவிடலாம். எழுதினால் வசனம் இடையில் நின்றுவிடும். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் கிழமைக்கு ஒரு பத்தி எழுதுகிறேன். அதற்குக் கிடைப்பது பெற்றோல் காசுதான். ஆனால் வாசிப்பவர்கள் வெட்டி வைக்கிறார்கள். ஒருமுறை வைப்புக் காப்புறுதி பற்றி எழுதினேன். உரிமம் பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்தால், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைக்கும்தான் அந்தத் திட்டம் திருப்பித் தரும், கூட்டுறவுச் சங்க வைப்புக்கு அது பொருந்தாது என்று. அடுத்த நாள் காலமை வீட்டு வாசலில் ஒரு ஐயா, கையில் பத்திரிகைத் துண்டு. மகள் சுவிசில் இருந்து அனுப்பிய 34 இலட்சத்தையும் ஒரே நிதி நிறுவனத்தில் போட்டு வைத்திருந்தார். அதே மாதிரி, வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் உள்ள வயோதிபர்கள் வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரி வெட்டுப்படாமல் இருக்க வங்கிக்குச் சுய பிரகடனம் ஒன்று கொடுக்கலாம் என்று எழுதிய பத்திக்கு வந்த தொலைபேசி இன்னும் நிற்கவில்லை. பங்குச் சந்தையைப் பற்றி எவ்வளவோ பாடுபட்டு எழுதிய பத்திகளுக்கு இப்படி ஒருவரும் வரவில்லை. எழுதுகிறவருக்குப் பெரிதாகத் தெரிவதும் வாசிக்கிறவரின் வீட்டில் எரிகிற பிரச்சினையும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. இதை நீங்கள் சீக்கிரம் பழகிக்கொண்டால் நல்லது.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். இது உங்களுக்கு முக்கியம்.

2021 ஜூனில், எனக்குச் சின்ன வகுப்பில் படிப்பித்த டீச்சர் ஒருவர் ஓய்வூதியப் பணிக்கொடைக் காசு 20 இலட்சத்தோடு வந்தார். அப்போது வட்டி இறங்கிக் கிடந்தது. ஐந்து வருட நிலையான வைப்பில் 8 சதவீதத்துக்குப் போடச் சொன்னேன். இனியும் இறங்கலாம் என்பது என் எண்ணம். முழுவதையும் ஒரே இடத்தில், ஒரே காலத்துக்கு. பத்து மாதத்தில் நாடு கவிழ்ந்தது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. நான்கு நாளில், வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. டீச்சரின் 8 சதவீதம் என்பது மருந்து வாங்கவும் காணாத கணக்கு.

டீச்சர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓகஸ்ட்டில் நானாகத்தான் போனேன். விறாந்தையில் இருந்து கணக்குப் பார்த்தோம். வைப்பை இடையில் முறித்தால் வங்கி கடந்த காலத்துக்கு ஏறக்குறைய 4 சதவீதம்தான் தரும். பதினாலு மாதத்துக்கு 93,000 ரூபாவுக்குக் கிட்ட நட்டம். ஆனால் அப்போது ஒரு வருட வைப்புக்கு 22 சதவீதம் கொடுத்தார்கள். வருடத்துக்கு 1,60,000 வருகிற இடத்தில் 4,40,000 வரும். நட்டம் நான்கு மாதத்தில் அடைபடும். முறித்தோம். இந்த முறை நான்காகப் பிரித்து, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டோம், எந்தக் காலத்திலும் ஒரு பங்கு முதிர்ந்து கைக்கு வருகிற மாதிரி. முதல் நாளே நான் அப்படிச் செய்திருக்க வேண்டும். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் பிழை.

டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, பெயர் போடாமல், கணக்கு முழுவதையும் அடுத்த பத்தியில் எழுதினேன். ஆலோசனை சொன்னது நான், பிழை என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். நண்பர்கள் சிலர் தொழில் போய்விடும் என்றார்கள். அந்தக் கிழமை மட்டும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வைப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து முறிக்கலாமா என்று கேட்டார்கள். சிலருக்கு முறிப்பது நட்டம், இன்னும் இரண்டு மாதத்தில் முதிர்வு இருந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு என்னிடம் வருகிற குடும்பங்களில் அரைவாசி அந்தப் பத்தியால் வந்தவை.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் பாடத்திட்டம், அமெரிக்கப் பாடத்திட்டம் எது படித்தாலும் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்கான வழமைச் சட்டம், அதில் வராது. யாழ்ப்பாணக் குடும்பத்தின் சொத்தில் பெரும்பங்கு காணியும் வீடும். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று எது எப்படி வந்தது என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. தேசவழமைக்கு உட்பட்ட பெண், தன் பெயரில் உள்ள சீதன வீட்டைக்கூடக் கணவனின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. கணவன் காணாமல் போன பெண் என்ன செய்வார்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்க வேண்டும். அதற்குச் செலவும் காலமும் பிடிக்கும். "காணியை விற்றுக் கடனை அடையுங்கள்" என்று ஒரே வசனத்தில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு அது திட்டமா? நல்ல சட்டத்தரணி ஒருவரையும் நொத்தாரிசு ஒருவரையும் தெரிந்து வைத்திருங்கள். அவர்களுடைய வேலையை நீங்கள் செய்யப் போகாதீர்கள்.

நகையும் அப்படித்தான். தங்கம் வட்டி தராது, அடைவுக்குப் போகும், பெட்டிக்குள் தூங்கும் என்று புத்தகம் சொல்லும். ஆனால் 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் அம்மா கொண்டுபோனது இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும் தான். வைப்புப் புத்தகத்தை அன்றைக்கு ஒருவரும் காசாக்கித் தரவில்லை. சாவகச்சேரியில் நாங்கள் இரண்டு மாதம் சாப்பிட்டது ஒரு காப்பில். அதைக் கண்டவர்களிடம் போய், நகையை விற்றுப் பங்கு வாங்குங்கள் என்று நான் சொல்வதில்லை. எவ்வளவு நகை பயத்துக்கு, எவ்வளவு நகை ஊருக்குக் காட்ட என்று அவர்களையே பிரிக்கச் சொல்வேன். இரண்டாவது பங்கைப் பற்றிக் கதைக்கலாம். அநேகமானவர்கள் நேர்மையாகப் பிரிப்பார்கள்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும்" என்று வளர்ந்த ஊர் இது. நிரந்தர உத்தியோகத்தை விட்டு இப்படியொரு தொழிலுக்கு வருவதை வீட்டில் லேசில் ஏற்க மாட்டார்கள். உங்கள் வேலையில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 சதவீதமும் வங்கியின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் குறைந்தபட்சம் போகும். வேலையை விட்டால் அந்த 15 சதவீதத்தைக் கொடுக்க ஆளில்லை. மாதம் மாதம் நீங்களே அதை எடுத்து வைக்க வேண்டும். மற்றவர்களுக்குத் திட்டம் போடுகிற ஆள் இதைத் தவறவிடக் கூடாது.

படிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீ.எஃப்.ஏ. மூன்று கட்டம், அது பெரிய நிதியங்களுக்கு முதலீட்டு ஆய்வு செய்கிறவர்களுக்கு உகந்தது. குடும்பங்களோடு வேலை என்றால் சீ.எஃப்.பி. பாடத்திட்டம்தான் கிட்ட வரும், பரீட்சைக்கு மேலாக அனுபவமும் நடத்தை நெறியும் கேட்பார்கள். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தையும் அதன் திருத்தங்களையும் கட்டாயம் வாசியுங்கள். காப்புறுதி விற்கவும், பங்கு முதலீட்டுக்கு ஆலோசகராக நிற்கவும் சட்டப்படி பதிவு வேண்டும். நான் இரண்டும் செய்வதில்லை. ஒருவருடைய காசும் என் கையால் போகாது, ஒரு நாளுக்குக்கூட. உரிமம் இல்லாமல் வைப்பு வாங்குவது 2011 இன் நிதித் தொழில் சட்டப்படி குற்றம். அதைவிட, "சேரிடம் குடுத்து வைத்தோம்" என்ற ஒரு சொல் போதும், பதினேழு வருடமும் போய்விடும்.

வருமானத்தையும் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்துக்கு முழுத் திட்டம் 20,000 ரூபா, மூன்று முறை இருந்து கதைப்பது அதற்குள் அடங்கும். மாதத்தில் ஐந்து குடும்பத்துக்கு மேல் எடுப்பதில்லை, எடுத்தால் கவனம் சிதறும். பெரியவர்களுக்கான ஆறு கிழமை வகுப்புக்கு ஆளுக்கு 3,000. கிராமத்து மாதர் சங்கங்களுக்குக் கட்டணம் இல்லை. உயர்தர வகுப்பு இன்னும் ஒன்று வைத்திருக்கிறேன், என் வருமானத்தில் அரைவாசி அதுதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பனுக்காக வட்ஸ்அப்பில் கேட்டால், தாய் தகப்பனும் கூட இருந்தால்தான் கதைப்பேன். காசு அனுப்புகிறவரின் விருப்பமும் இங்கே சீவிக்கிறவரின் விருப்பமும் வேறு வேறாக இருந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உயர்தரப் பிள்ளைகளை நீங்களும் விடாதீர்கள். கணக்கீடு படித்த பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவின் லீசிங் கடதாசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கும். வெங்காயச் செய்கைக்காரர் ஒருவர் என்னிடம் வந்ததே மகள் பிடித்து இழுத்து வந்ததால்தான். அறுவடைக் காசு வருகிற மாதத்தில் அடைவை மீட்டு, விதைப்புக் காலத்துக்கு முன் திருப்பி வைக்கிற சுழலை அந்தப் பிள்ளையே கொப்பியில் கீறிக் கொண்டுவந்திருந்தது.

இப்போது செய்ய வேண்டியது: வேலையை விடாதீர்கள். பன்னிரண்டு மாதச் செலவைச் சேருங்கள். உங்கள் நியமனக் கடிதத்தில் வெளிவேலை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், வகுப்புக்கும் பத்திக்கும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வங்கி வாடிக்கையாளர் எவருடைய விபரத்தையும் வெளியே கொண்டுவராதீர்கள். முதல் திட்டத்தை உங்கள் சொந்த வீட்டுக்குப் போடுங்கள், அம்மா அப்பாவின் காணி உறுதியில் இருந்து தொடங்கி. அது லேசாக இருக்காது. அதை முடித்த பிறகு, என் அடுத்த வகுப்பு நல்லூரில் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்குகிறது, வந்து பின் வாங்கில் இருங்கள். மூன்றாவது கிழமை வட்டிக் கணக்கை நீங்கள் பலகையில் செய்து காட்டலாம்.